காற்றில் நின்ற பென்சில்

படிக்கட்டில் கால் பிசகி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பின்னம் பாதியில் விடக்கூடிய பாடம் அல்ல. அங்கே தடுக்கி விழுந்த பிள்ளை விகிதத்தில் தடுக்கும், சதவீதத்தில் தடுக்கும், இயற்கணிதம் வரும்போது கணக்கே எனக்கு வராது என்று தீர்மானித்துவிடும். அதனால் வீட்டில் படுத்தபடியே பாடம் நடத்துகிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் நானே கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் மூன்றாவது வாரத்து ஏழு நிமிடம் வந்து முன்னால் நிற்கிறது. யாரிடமும் சொல்லாமல் நான் பார்த்துக்கொண்டிருந்த ஏழு நிமிடம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஆசிரியர் மேசைமேல் ஒரு மடிக்கணினி, பிள்ளைகளைப் பார்த்தபடி. அதன் கேமராவில் வகுப்பு முழுவதும் தெரியும், ஆனால் முகங்கள் புளியங்கொட்டை அளவுதான். சுவரில் புரொஜெக்டர். ஒரு செல்பேசியை வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டில் மாட்டி, முதல் வரிசை மேசையின் ஓரத்தில் கவ்வவைத்துக் கரும்பலகையை நோக்கித் திருப்பியிருந்தோம். யாராவது பலகையில் கணக்குப் போட்டால் நான் அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. இந்தப் பக்கம், என் மடியில் குறுக்காக ஒரு பலகை, அதன்மேல் காகிதம், பக்கத்தில் அடுக்கிய புத்தகங்களின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் இன்னொரு செல்பேசி. நான் எழுதுவது அப்படியே வகுப்புச் சுவரில் தெரியும்.

முதல் நாள் இரண்டு கருவிகளையும் ஒரே அறையில் ஒரே இணைப்பில் சேர்த்தவுடன் காதைக் கிழிக்கும் ஊளை எழுந்தது. ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மற்றதன் மைக் வாங்கி அனுப்ப, அது திரும்பவும் ஸ்பீக்கரில் வர, சத்தம் சத்தத்தைத் தின்று வளர்ந்துகொண்டே போனது. செல்பேசியின் மைக்கையும் ஸ்பீக்கரையும் முழுமையாக அணைத்துவிட்டு, மடிக்கணினியை மட்டும் பேசவும் கேட்கவும் விட்ட பிறகுதான் அடங்கியது. இதே மாதிரி நடத்த நினைப்பவர்களுக்கு இதை முதலில் சொல்வேன்: ஓர் அறைக்கு ஒரு காது, ஒரு வாய். கண்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்பது. எங்களுக்கு அமைந்தவர் ஓவிய ஆசிரியை. அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு இல்லை என்பதால் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதா, ஒரு நாளும் அவர் உட்காரவில்லை. நான் சொன்ன பக்கம் மடிக்கணினியைத் திருப்பினார், கேட்காத குரலை எனக்குத் திருப்பிச் சொன்னார், வெயில் பட்டுப் பலகை பளபளத்தால் ஜன்னல் கதவைச் சாத்தினார். என் கைகளாகவும் கால்களாகவும் இருந்தவர் அவர்தான். தொழில்நுட்பத்தால் பாடம் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த அம்மையார் இல்லாவிட்டால் அத்தனை கருவிகளும் மேசைமேல் கிடந்திருக்கும்.

முதல் வாரத்தில் செய்த ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும். என் முகம் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் காகிதத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். நான் இருமினால் அவர்கள் கவலைப்பட்டார்கள், என் பின்னால் யாராவது நடந்தால் எல்லோர் கண்ணும் அங்கே போனது. மூன்றாம் நாள் என் முகத்தை நிறுத்திவிட்டுக் காகிதத்தையும் எழுதும் கையையும் மட்டும் அனுப்பினேன். உடனே வகுப்பு கணக்குக்குத் திரும்பியது. அப்போதே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். என் முகம் அவர்களுக்கு அவசியமில்லை என்றால், அவர்கள் முகம் எனக்கு எவ்வளவு அவசியம்? அந்தக் கேள்வி அப்போது எழவில்லை.

முகத்தை நம்பிய காலம்

2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே நின்றதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த நாட்களில் பாடம் நடத்திய எல்லோரையும்போல நானும் திரையில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். கட்டத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். 'கேமராவைப் போடுங்கள், முகம் தெரிந்தால்தானே புரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும்' என்று தினமும் கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, வற்புறுத்தினேன். ஒரு பையன் கேமராவைப் போட்டதும் அவன் பின்னால் ஒரே அறையில் நான்கு பேர் இருப்பது தெரிந்தது. அவன் உடனே அணைத்துவிட்டான். மறுநாளும் நான் அவனைக் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது. நானும் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். புருவம் சுருங்கினால் புரியவில்லை, தலை ஆடினால் புரிந்தது, ஜன்னலைப் பார்த்தால் மனம் இங்கே இல்லை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பாடத்தை எங்கே நிறுத்துவது, எங்கே திரும்பச் சொல்வது, எங்கே தாண்டுவது என்று முடிவெடுத்து வந்தேன். தொலைவிலிருந்து நடத்தும் பாடத்தின் பெரிய குறை, இந்த முகம் பார்க்கும் வித்தை அங்கே செல்லாது என்பதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

கால் முறிந்து படுத்திருந்தபோது நிலைமை முற்றிலும் வேறு. பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில், பெஞ்சில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இல்லாதது நான் ஒருத்திதான். அதனால் வகுப்பின் பழக்கங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது டீச்சர்' என்ற கோரஸும் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், அது சற்றுத் தாமதமாக வந்தது.

அந்தத் தாமதம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையில் மனிதர்கள் விடும் இடைவெளி மிகக் குறுகியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று காட்டியது. தொலைபேசித் தடங்களை அமைப்பவர்களுக்கும் இதைப் பற்றி ஒரு வரம்பு உண்டு. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி நொடிக்குமேல் ஆகாமல் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பார்கள். எங்கள் இணைப்பை ஒரு நாள் சோதித்துப் பார்த்தோம். நான் கை தட்டுவது, அது காதில் விழுந்தவுடன் அவர்கள் தட்டுவது. அவர்கள் தட்டல் என்னிடம் திரும்பி வர ஒரு நொடிக்கும் மேலானது. நான் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று இரண்டாவது கேள்வியைத் தொடங்கும்போது முதல் கேள்விக்கான பதில் வந்து மோதும். இரண்டு பேரும் நிறுத்துவோம், இரண்டு பேரும் தொடங்குவோம். இந்தத் தாமதத்தை ஒரு நோயாகவே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழு நிமிடம்

மூன்றாவது வாரம், புதன்கிழமை. பகுதி, அதாவது கீழே இருக்கும் எண், வேறு வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவது. சுவரில் என் காகிதம், அதில் 1/2 + 1/3. விளக்கி முடித்திருந்தேன். இரண்டையும் ஆறில் பாகங்களாக மாற்றி, 3/6, 2/6, கூட்டினால் 5/6. அடுத்த கணக்குகளை நோட்டில் போடச் சொன்னேன்.

என் திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் மடிக்கணினி அனுப்பும் முழு வகுப்பு. வலப்பக்கம் செல்பேசி அனுப்பும் கரும்பலகை. வலப்பக்கப் படம் மெல்ல இறங்கத் தொடங்கியது. பலகையின் கீழ் விளிம்பு, சுவர், ஒரு மேசையின் ஓரம். ஸ்டாண்டின் கழுத்து தளர்ந்து செல்பேசியின் பாரத்துக்குச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஓவிய ஆசிரியையைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அது சாய்ந்து முடித்து நின்றுவிட்டது. நின்ற இடத்தில், திரை நிறைய, கட்டம் போட்ட ஒரு நோட்டும் ஒரு சிறுமியின் கையும் இருந்தன.

யார் என்று கை சொன்னது. பெருவிரல் நகத்தில் நீல மை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. முதல் வரிசையில் இடது ஓரத்தில் இருப்பவள். கவலைப்பட வேண்டாத பிள்ளைகள் என்று மனதுக்குள் நான் வைத்திருந்த பட்டியலில் அவளும் ஒருத்தி. எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், சரியான இடத்தில் தலையாட்டுவாள். நோட்டில் எல்லா விடையும் சரியாக இருக்கும். 'நன்று' என்று பலமுறை எழுதியிருக்கிறேன்.

அவள் கணக்கை எழுதினாள். 1/4 + 2/3. அழகான கையெழுத்து. சமக்குறி போட்டாள். பிறகு பென்சில் காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் நின்றது. நடுங்கவில்லை, நகரவில்லை, நின்றது. நான் காத்திருந்தேன். பென்சில் காகிதத்தின் ஓரத்துக்குப் போய் மிகச் சிறிய எழுத்தில் 3/7 என்று எழுதியது. மேலே இருப்பதோடு மேலே இருப்பது, கீழே இருப்பதோடு கீழே இருப்பது. உடனே அழிப்பான் வந்து அதைத் தேய்த்தது. தேய்த்த இடத்துக்கு மேலே இன்னும் சில தேய்த்த இடங்கள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த ஓரம் முழுவதுமே சாம்பல் பூத்திருந்தது. ஓவிய ஆசிரியையின் நிழல் மேசைமேல் விழுந்தபோது இடது கை வந்து நோட்டை மூடியது. நிழல் போனதும் கை விலகியது.

பின்வரிசையில் ஒருவன் '11/12 டீச்சர்!' என்று கத்தினான். இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொல்லின. காற்றில் நின்ற பென்சில் இறங்கி, சமக்குறிக்குப் பக்கத்தில் 11/12 என்று எழுதியது. எழுதிவிட்டுப் பக்கத்தில் தானே ஒரு சரிக்குறி போட்டுக்கொண்டாள்.

நான் பழக்கத்தில், யோசிக்காமல், 'புரிந்ததா?' என்று கேட்டுவிட்டேன். கோரஸ் வந்தது. இடப்பக்கப் படத்தில் புளியங்கொட்டை அளவு முகங்களில் அவள் முகத்தைத் தேடினேன். மலர்ந்த முகம், என் காகிதத்தைப் பார்த்தபடி, தலை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு படங்களும் ஒரே நொடியில் வருவதில்லை, செல்பேசிப் படம் சற்றுப் பின்தங்கும். அதனால் முதலில் தலையாட்டல் தெரிந்தது. அரை நொடி கழித்து வலப்பக்கத்தில், மேசைக்கு மேல் அந்தக் கை அழிப்பானை இறுக்கி மூடிக்கொள்வது தெரிந்தது.

இப்படி ஐந்து கணக்குகள். ஐந்திலும் அதேதான். ஏழு நிமிடம் கழித்து ஓவிய ஆசிரியை கவனித்து, 'அடடா, இது விழுந்துகிடக்கிறதே' என்று செல்பேசியை நிமிர்த்தினார். நான் 'அப்படியா, பரவாயில்லை' என்றேன். அது பொய். பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

அன்று இரவு

இரண்டு வேறு வேறு வருத்தங்கள் ஒன்றாக வந்தால் பிரித்துப் பார்ப்பது கடினம். முதல் வருத்தம், மாதக்கணக்காக இந்தப் பிள்ளை என் முன்னால், மூன்றடி தூரத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்பது. நான் நேரில் இருந்த நாட்களில் தெரியாதது, எழுந்து நடக்க முடியாமல் கிடக்கும்போது, அதுவும் ஒரு திருகாணி தளர்ந்ததால் தெரிந்தது. தவறு தொலைவில் இல்லை. முகம் எனக்கு இத்தனை ஆண்டுகளும் என்ன சொல்லி வந்திருக்கிறது? ஒரு பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்த்து எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்று படித்துக்கொள்கிறது. நான் அவளைப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவள்தான் என்னைப் படித்து வைத்திருந்தாள், மிக நன்றாக.

திருத்திய நோட்டுகளும் உதவவில்லை என்பது இன்னும் உறுத்தியது. முடிந்த நோட்டில் 11/12 இருக்கும், சரிக்குறி இருக்கும். காற்றில் நின்ற பென்சில் அதில் இருக்காது. அழித்த 3/7-ஐ வேண்டுமானால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். நாற்பது நோட்டைத் திருத்தும் அவசரத்தில் யார் ஓரத்தைப் பார்க்கிறார்கள்?

தூங்க முடியாமல் கிடந்தபோது பழைய கதைகள் நினைவுக்கு வந்தன. தொலைவிலிருந்து கற்பிப்பது நம் காலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தவுடன் ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர்கள் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள், அவர் திருத்தி அனுப்புவார். அங்கே முகமே கிடையாது. வந்து போனது கையெழுத்து மட்டும். ஆனால் அந்தக் கையெழுத்து கோரஸ் இல்லாத இடத்தில், தனியாக உட்கார்ந்து எழுதப்பட்டது. பக்கத்தில் யாரும் விடையைக் கத்தவில்லை. அதனால் பிழை பிழையாகவே அவர் கைக்குப் போய்ச்சேர்ந்தது.

இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் தொடங்கிய வானொலிப் பள்ளி. பக்கத்து வீடே பல மைல் தள்ளியிருக்கும் பண்ணைகளின் பிள்ளைகளுக்கு, பறக்கும் மருத்துவச் சேவையின் வானொலி வழியாகப் பாடம். அந்த வானொலி வலையே ஆல்ஃப்ரெட் டிரேகர் 1920களின் இறுதியில் செய்த கருவியால் சாத்தியமானது. மின்சாரம் இல்லாத வீட்டில் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசலாம். வானொலிப் பாடங்கள் முதலில் ஒருவழிப் பேச்சாகத்தான் இருந்தன. ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் கேட்பார்கள். வெகு விரைவில் பாடத்தின் முடிவில் கேள்வி பதிலுக்கென்று நேரம் ஒதுக்கினார்கள். நான் அதை நினைத்துப் பார்த்தேன். அந்த ஆசிரியர்களுக்கு ஒரு முகமும் தெரியாது. தலையாட்டல் தெரியாது. ஒரு பிள்ளைக்குப் புரிந்ததா என்று அறிய வேண்டுமானால் அந்தப் பிள்ளையை அழைத்து, அது வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வேறு வழியே அவர்களுக்கு இல்லை. எனக்கு முகம் இருந்தது, அதனால் நான் காத்திருக்கவில்லை.

இரண்டாவது வருத்தம் அந்தப் 'பரவாயில்லை'. அவள் மூடி மறைத்த ஒன்றை, அவளுக்குத் தெரியாமல் நான் பார்த்தேன். நோட்டை மூடிய அந்த இடது கை எனக்கும் சேர்த்துத்தான் மூடியது. பிள்ளைகளின் நன்மைக்குத்தானே என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது செல்லவில்லை. பிள்ளைகளைக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் எல்லோரும் சொல்லும் சமாதானம் அதுதான்.

காத்திருப்பது

மறுநாள் வகுப்பில் கோரஸை நிறுத்தினேன். விடையைக் கத்தக் கூடாது. நான் கேட்டதும் எல்லோரும் எழுத வேண்டும். நான் மனதுக்குள் பத்து எண்ணும்வரை யாரும் பேசக் கூடாது, நானும் பேசமாட்டேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கிட்டு ஒன்றைச் சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடி. அதை மூன்று நொடி, அதற்கும் மேலாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் விடுவது குறைகிறது, மந்தம் என்று ஆசிரியர்கள் ஒதுக்கிய பிள்ளைகளிடமிருந்தும் பதில் வரத் தொடங்குகிறது. பயிற்சிக் காலத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வகுப்பில் ஒரு நாளும் மூன்று நொடி நின்றதில்லை. பிள்ளைகள் முன்னால் மௌனமாக நிற்பது அவ்வளவு பாரமாக இருக்கும்.

தொலைவில் அந்த மௌனம் இன்னும் மோசம். முதல் முறை பத்து எண்ணத் தொடங்கியபோது இணைப்பே அறுந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. நான்கு எண்ணுவதற்குள் 'கேட்கிறதா? இருக்கிறீர்களா?' என்று பதறினேன். ஓவிய ஆசிரியை மைக்கின் பக்கத்தில் வந்து, 'எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள்தான் இடையில் பேசுகிறீர்கள்' என்று மெல்லச் சொன்னார். பிறகுதான் காரணம் தெரிந்தது. இந்தக் காணொளி அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று நீக்கிவிடும். பெஞ்சு நகர்வது, பக்கம் புரட்டுவது, பென்சில் காகிதத்தில் உரசுவது, ஒருவன் தனக்குள் எண்ணுவது, எல்லாம் அதற்கு இரைச்சல். அமைப்புகளில் தேடி அந்த இரைச்சல் நீக்கத்தை அணைத்தேன். அறை திரும்பி வந்தது. சரசரவென்று முப்பத்தெட்டுப் பென்சில்கள். ஒரு வகுப்பு யோசிக்கும் சத்தம் இப்படி இருக்கும் என்று அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு பத்து என்ன, இருபதுகூட எண்ண முடிந்தது. சரசரப்பு எப்போது தொடங்குகிறது, எப்போது தயங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதே கணக்கு எவ்வளவு கடினம் என்று சொன்னது. முகங்களைவிட நேர்மையாகச் சொன்னது.

இணைப்பின் தாமதத்தை அதற்குப் பிறகு நான் திட்டவில்லை. எப்படியும் காத்திருக்கப்போகிறேன் என்றால் ஒரு நொடி முன்பின் ஆவதில் என்ன இருக்கிறது?

அந்த வாரமே பாடத்தையும் மாற்றினேன். பகுதிகளைச் சமமாக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று விட்டிருந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். 1/2 + 1/3 = 2/5 என்று நானே காகிதத்தில் எழுதி, இதில் எதுவும் உறுத்துகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தினேன். நீண்ட மௌனம். பிறகு ஒரு பையன், '2/5 என்றால் அரையைவிடக் குறைவு டீச்சர். அரையோடு எதையோ சேர்த்திருக்கிறோம், எப்படிக் குறையும்?' என்றான். முறையைச் சரியாகச் செய்கிற பிள்ளைகளில்கூடப் பாதிப் பேர் அந்தக் கேள்வியை அதுவரை கேட்டுப் பார்த்ததில்லை என்று அந்த வகுப்பில் தெரிந்தது. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்ற உணர்வு இல்லாமல் முறையை மட்டும் கற்ற பிள்ளைக்கு 3/7-உம் 11/12-உம் ஒன்றுதான். யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அது சரி.

சொன்னது

வெள்ளிக்கிழமை வகுப்பின் முடிவில் என் முகத்தைத் திரையில் போட்டேன். புதன்கிழமை செல்பேசி சாய்ந்தது, அதில் முதல் வரிசை நோட்டு தெரிந்தது, ஏழு நிமிடம் நான் பார்த்தேன், உடனே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு என்று சொன்னேன். யார் நோட்டு என்று சொல்லவில்லை. பார்த்ததில் என்ன இருந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்டாண்ட் எந்த மேசையில் கவ்வியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறிய தலை குனிவதைப் பார்த்தேன்.

ஒருவன் கேட்டான், 'இனிமேல் எங்கள் நோட்டையும் பார்ப்பீர்களா டீச்சர்?' யாராவது காட்ட விரும்பினால் ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம், இழுக்காவிட்டால் பலகையைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டேன் என்றேன். மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு அவள் மட்டும் மடிக்கணினியின் முன்னால் வந்து நின்றாள். கேமராவுக்கு அவ்வளவு அருகில் நின்றதால் நெற்றியும் கண்களும் மட்டும் தெரிந்தன.

'பார்க்கும்போது சொல்லிவிட்டுப் பாருங்கள் டீச்சர்.'

சரி என்றேன். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டாள். அவள் என்னைத் தேற்றவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அந்த வயதில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் யாரும் ஸ்டாண்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள், எல்லாம் தெரிந்த பையன் ஒருவன் பெருமையாக இழுத்துக்கொண்டான். பிறகு தெரியாதவர்களும் இழுக்கத் தொடங்கினார்கள். 'இந்த வரியில் நிற்கிறேன் டீச்சர்' என்று பென்சிலால் தட்டிக் காட்டுவார்கள். நேரில் என்றால் எழுந்து என் மேசைக்கு நாற்பது பேர் பார்க்க நடந்து வர வேண்டும், அதற்குப் பயந்தே பலர் வருவதில்லை. ஸ்டாண்டை இழுப்பது சுலபமாக இருந்தது. அவள் மட்டும் கடைசிவரை இழுக்கவில்லை. ஸ்டாண்ட் அவள் மேசையிலேயே கவ்வியிருந்தும் அதை ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் பக்கம் தள்ளிவைத்தாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாமலே அந்த மூன்று வாரமும் போனது. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, கேட்கவில்லை. ஓவிய ஆசிரியையிடம் எட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு நாள் தோன்றியது. அதையும் செய்யவில்லை.

ஏழாவது வாரம் ஊன்றுகோல்களோடு வகுப்புக்குப் போனேன். பெஞ்சுகளுக்கு இடையில் நுழைய முடியவில்லை. முன்னால் நின்று நடத்தும் அளவுக்கும் காலில் பலம் இல்லை. முதல் வரிசைக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கிருந்து வகுப்பின் முகங்கள் எதுவும் சரியாகத் தெரியாது. பலகையில் 3/4 + 1/6 என்று ஒருவனை எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். சரசரப்பு கேட்டது.

பக்கத்தில் அவள். திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'பார்க்கலாமா?' என்று கேட்டேன். யோசித்தாள். இடது கை நோட்டின்மேல்தான் இருந்தது. பிறகு எடுத்தாள்.

சமக்குறிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் சிறியதாக 4/10 என்று இருந்தது. பென்சில் அதற்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். பத்தைத் தாண்டிப் பதினைந்தும் ஆயிற்று. பின்வரிசையில் யாரோ விடை கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் பெஞ்சை அசைத்தார்கள், ஆனால் யாரும் கத்தவில்லை.

'முக்காலைவிடக் குறைகிறதே' என்றாள். என்னிடம் சொல்லவில்லை, நோட்டிடம் சொன்னாள்.

அழிப்பான் மேசைமேல்தான் கிடந்தது. அதை எடுக்காமல் 4/10-இன் குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, அதன் கீழே நான்கின் மடங்குகளை எழுதத் தொடங்கினாள். 4, 8, 12.